ஆப்ஷன் விலை கூடுதலா குறைவா, எப்படிக் கண்டுபிடிப்பது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: அமெரிக்கப் பங்கு ஒன்றின் விலை 100 டாலர். 30 நாளில் முடியும் 100 டாலர் கால் ஆப்ஷன், அதாவது அதற்குள் அந்தப் பங்கை 100 டாலருக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை, 4.60 டாலர். இது அதிகமா?

விலையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தீபாவளிக்கு முன்பே ஆட்டுக்கு விலை பேசி, திரும்ப வராத முன்பணம் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டு விலை துள்ளும் காலத்தில் வியாபாரி முன்பணம் கூடுதலாகத்தான் கேட்பார். ஆப்ஷன் விலையும் அந்த முன்பணம் போலத்தான்.

அந்தத் துள்ளலைப் பற்றிய சந்தையின் கணிப்பு 4.60க்குள் ஒளிந்திருக்கிறது. ஆப்ஷன் விலையைக் கணக்கிட 1973இல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், துள்ளல் ஆண்டுக்குச் சுமார் 40 சதவீதம் என்று வரும். இதுதான் இம்ப்ளைட் வாலட்டிலிட்டி. புரோக்கர் செயலியிலேயே பெரும்பாலும் இருக்கும், நீங்கள் கணக்குப் போட வேண்டாம்.

சரி, அந்தப் பங்கு கடந்த சில மாதங்களில் உண்மையில் எவ்வளவு ஆடியது? அதுவும் ஆண்டுக் கணக்கில் 25 சதவீதம்தான் என்றால், அதன்படி ஆப்ஷன் ஏறக்குறைய 2.90தான் பெறும். அப்படியானால் 4.60 கொள்ளை விலை போலத் தெரியும். பலர் வழுக்கி விழுவது இங்கேதான். அந்த 30 நாளுக்குள் நிறுவனத்தின் காலாண்டு முடிவு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்தக் கூடுதலுக்குக் காரணம் உண்டு. முடிவு வெளியானதும் அது மளமளவென்று வடிந்துவிடும். பங்கு கொஞ்சம் ஏறியும் ஆப்ஷன் இறங்கியதைப் பார்த்துத் தலையில் கைவைத்தவன் நான்.

அப்புறம், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிதென்றால் அந்த ஆப்ஷனை விட்டுவிடுங்கள். நம் செம்பனை எண்ணெய்க்கும் புர்சா மலேசியா சந்தையில் ஆப்ஷன் உண்டு. அங்கேயும் இதே பார்வைதான்.