விசாரணை முடிந்ததும் வழக்கு போடுவதா, மூடுவதா என்று முடிவு செய்வது அரசு வழக்கறிஞரா?

அது நாட்டைப் பொறுத்தது. ஜெர்மனியில் அவர்தான். போலீஸ் திரட்டிய கோப்பு அவர் மேசைக்கு வரும். ஆதாரம் போதுமென்றால் குற்றப்பத்திரிகை, இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார் (குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 170). கடுமையில்லாத குற்றமென்றால், நீதிமன்றமும் குற்றம் சாட்டப்பட்டவரும் சம்மதித்தால், ஒரு தொகையைக் கட்டச் சொல்லியும் முடிக்கலாம். காசுள்ளவர்களுக்கு வசதியான வழி என்ற முணுமுணுப்பு அங்கேயும் உண்டு.

இந்தியாவில் கதையே வேறு. இறுதி அறிக்கையை அனுப்புவது காவல் அதிகாரி. அதை ஏற்பதா என்று பார்ப்பது மாஜிஸ்திரேட். அரசு வழக்கறிஞரைக் கலந்து குற்றப்பத்திரிகை போடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்றை 2000-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2023-இன் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போலீஸ் அறிக்கையைப் பரிசீலிக்கும் வேலையை, அரசுத் தரப்பில் வழக்குகளை நடத்தும் வழக்குத் தொடர்வுத் துறைக்குக் கொடுத்திருக்கிறது. சரி, ஆனாலும் அறிக்கை காவல் அதிகாரியுடையதுதான். அப்புறம், வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபின் நீதிமன்றத்தின் அனுமதியோடு அரசு வழக்கறிஞர் அதைத் திரும்பப் பெறலாம்.