அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்கள் ரயில், நெடுஞ்சாலை என்று ஊர் சுற்றுவதையே பாடுகிறார்களே, அது நிஜமா, வேஷமா?

பாதி வேஷம்தான். அந்த வேஷக்காரர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ராம்ப்ளின் ஜாக் எலியட்.

தலையில் கவ்பாய் தொப்பி, கழுத்தில் கைக்குட்டை, பேச்சில் ஒரு மேற்கத்திய இழுவை. முதலில் கேட்டபோது டெக்சாஸ் பக்கம் மாடு மேய்த்து வளர்ந்த ஆள் என்றே நம்பிவிட்டேன். அப்புறம் தேடிப் பார்த்தால், 1931இல் நியூயார்க் புரூக்ளினில் பிறந்த யூத டாக்டர் வீட்டுப் பையன், குடும்பப் பெயர் அட்னோபோஸ். பதினைந்து வயதில் வீட்டைவிட்டு ஓடி, குதிரை வித்தை காட்டும் ஒரு ரோடியோ கூட்டத்தில் சேர்ந்தார். மூன்று மாதத்தில் பெற்றோர் கண்டுபிடித்துவிட்டார்கள், வீட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. ஆனால் அங்கே ஒரு கோமாளி கிதார் வாசித்துப் பாடியதைக் கேட்டிருந்தார், அது போதுமாக இருந்தது.

1951இல் வுடி கத்ரியைச் சந்தித்தார். வுடி ஓக்லஹோமாக்காரர், 1930களில் புழுதிப் புயலில் நிலம் போய்க் கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போன குடும்பங்களோடு தானும் அலைந்து அவர்களைப் பற்றிப் பாடியவர், அவருடைய அலைச்சலை யாரும் வேஷம் என்று சொல்ல முடியாது. அவர் வீட்டுக்குப் போன ஜாக் அங்கேயே தங்கிவிட்டார், அவரோடு சேர்ந்து ஊர் ஊராகவும் போனார். பாட்டு மட்டுமில்லை, குரல், இழுவை, கிதாரில் விரல் போகும் விதம் எல்லாவற்றையும் அப்படியே வாங்கிக்கொண்டார். காப்பியடிக்கிறான் என்று அப்போதே கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் ஹண்டிங்டன் நோய் முற்றி வுடி ஆஸ்பத்திரியோடு கிடந்த வருடங்களில், அவருடைய மகன் ஆர்லோ தன் அப்பாவின் பாட்டுகளைக் கற்றுக்கொண்டது இந்தக் காப்பிக்காரரிடம்தான். அதைப் படித்த பிறகு நான் அவரை வேஷக்காரர் என்று சொன்னாலும் கிண்டலாகச் சொல்வதில்லை.

அந்தக் காலத்தில் பாட்டு வேண்டுமென்றால் அதை வைத்திருக்கும் ஆளிடம் போய்த்தான் ஆக வேண்டும், இது ஜாக்குக்கு மட்டும் உரியதல்ல. கார்ட்டர் குடும்பம் என்று வெர்ஜினியா மலைப்பகுதியைச் சேர்ந்த மூவர், 1927இல் பிரிஸ்டல் ஊரில் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடினார்கள். அவர்களில் ஏ.பி. கார்ட்டர் புதுப் பாட்டு தேடி மலை வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்குவார், கூடவே லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிதார்க் கலைஞரும் போவார். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்ள, மெட்டை ரிடில் காதில் பிடித்துக்கொண்டு வருவார். மெட்டைச் சுமந்தவர் இவர், தட்டில் வந்ததோ கார்ட்டர் பெயர். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

இன்னும் பின்னால் போனால், பான்ஜோ என்ற தந்தி வாத்தியத்தின் மூதாதையே சுரைக்குடுக்கையில் தோல் கட்டிய மேற்கு ஆப்பிரிக்க வாத்தியம்தான், அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களோடு வந்தது. இந்த இசையில் பயணம் என்றால் எல்லாருக்கும் ஆசையாக இருந்ததில்லை.

ஜாக்குக்கு ஆசைதான். 1955இல் ஐரோப்பாவுக்குக் கிளம்பி லண்டன் தெருக்களில் பாடினார், டெரல் ஆடம்ஸ் என்ற பான்ஜோக்காரரோடு ஊர் ஊராகத் திரிந்தார். லாரி, பாய்மரக் கப்பல் இரண்டின் மீதும் பைத்தியம். தொண்ணூறைத் தாண்டியும் மேடை ஏறினார். சொந்தமாக எழுதிய பாட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், எழுதுவதைவிடக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர் வேலை.

ஒரு வேடிக்கை: 'ராம்ப்ளின்' என்றால் சுற்றித் திரிகிற என்று அர்த்தம், ஆனால் அந்தப் பட்டம் ஊர் சுற்றியதால் வந்தது இல்லையாம். பேச ஆரம்பித்தால் ஒரு கதையிலிருந்து இன்னொரு கதைக்குத் தாவிச் சுற்றி வளைத்துப் பேசுவாராம், அதற்காக பாடகி ஒடெட்டாவின் அம்மா வைத்த பெயர் என்கிறார்கள். சரி, எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்றால், அவருடைய '912 கிரீன்ஸ்' என்ற பதிவைக் கேளுங்கள். நியூ ஆர்லியன்ஸுக்குப் போன கதையைக் கிதார் ஓடிக்கொண்டிருக்க நிதானமாகப் பேசிக்கொண்டே போவார். எப்போது பாடப்போகிறார் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.