மோதியது லாரி, கூடியது என் பிரீமியம்: கார் காப்பீடு பற்றி வட சென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

துறைமுகத்துக்குள் நுழையக் காத்துநிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் கார் ஓட்டுகிற நம் பகுதி மக்களிடமிருந்து, ‘தவறு என்னுடையது இல்லை, பிரீமியம் மட்டும் கூடிவிட்டது’ என்று சொல்லி வைத்தாற்போல ஒரே மனக்குறைதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் மோட்டார் கிளைம் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்கு வந்த கேள்விகளைச் சுருக்கி, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

எண்ணூர் விரைவுச் சாலையில் நின்றுகொண்டிருந்த என் காரைப் பின்னாலிருந்து ஒரு டிரெய்லர் இடித்துவிட்டது. தவறு தன்னுடையது என்று ஓட்டுநரே ஒப்புக்கொண்டார். என் பாலிசியில் கிளைம் செய்து வண்டியைச் சரிசெய்தேன். இந்த ஆண்டு புதுப்பிக்கப் போனால் பிரீமியம் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் கூடியிருக்கிறது. செய்யாத தவறுக்கு எனக்கு ஏன் அபராதம், ஐயா? (பள்ளி ஆசிரியை, திருவொற்றியூர்)

உங்கள் கோபம் நியாயமானது, அம்மா. ஆனால் உங்களுக்கு விதிக்கப்பட்டது அபராதம் அன்று. இதுவரை கிடைத்துவந்த தள்ளுபடி நின்றுபோயிருக்கிறது. பணம் கட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்றாலும், இந்த வேறுபாடு தெரிந்தால்தான் யாரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டுப் பயனில்லை என்பது விளங்கும்.

நீங்கள் கட்டும் தொகையில் இரண்டு பெரிய பகுதிகள் உள்ளன. முதலாவது, உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்காக, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு. இதன் கட்டணத்தை நிறுவனங்கள் தீர்மானிப்பதில்லை. மத்திய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில், 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய் என்று இருந்தது. உங்கள் கார் எத்தனை முறை இடிபட்டாலும் இந்தத் தொகை உங்களுக்கு மட்டும் தனியாக உயராது. இரண்டாவது, உங்கள் காருக்கு நேரும் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பிரிவு. நோ கிளைம் போனஸ் என்கிற தள்ளுபடி இந்தப் பிரிவில் மட்டுமே உண்டு. கிளைம் இல்லாத முதல் ஆண்டுக்குப் பிறகு 20 சதவீதம், அடுத்தடுத்து 25, 35, 45 என ஏறி, ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு 50 சதவீதத்தில் அது நிற்கும்.

அந்த விதி யார் மீது தவறு என்று கேட்பதே இல்லை. ‘இந்த ஆண்டில் உமது பாலிசியிலிருந்து பணம் பெற்றீரா?’ என்பது ஒன்றுதான் அதன் கேள்வி. பெற்றிருந்தால், பரமபதத்தில் பெரிய பாம்பின் வாயில் அகப்பட்டதுபோல 50லிருந்து நேராகச் சுழியத்துக்கு இறங்க வேண்டியதுதான். டிரெய்லர் ஓட்டுநரின் ஒப்புதலையோ எஃப்.ஐ.ஆர். நகலையோ காட்டி இந்தத் தள்ளுபடியை மீட்க முயன்றவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றை அதிகாரியால் தர இயலாது. கிளைம் பணத்தை உங்களுக்குக் கொடுத்த பிறகு, அதை லாரித் தரப்பிடம் வசூலிக்கும் உரிமை உங்கள் நிறுவனத்துக்குச் சென்றுவிடுகிறது. சிறு தொகைகளுக்காக நிறுவனங்கள் அதைப் பெரும்பாலும் பின்தொடர்வதில்லை. அந்த அலட்சியத்தின் விலையை உங்களைப் போன்றவர்கள் சுமப்பது முறையன்று என்பதே என் கருத்து. ஆனாலும் இன்றைய நிலை இதுதான்.

அப்படியானால் எவ்வளவு செலவு வரை கிளைம் செய்யாமல் கைப்பணத்திலேயே சரிசெய்துகொள்வது நல்லது? (ரயில்வே ஊழியர், பெரம்பூர்)

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. விபத்து நடந்த பிறகு, ஒர்க்‌ஷாப்காரர் படிவத்தை நீட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 ரூபாய் என்றும், நீங்கள் 50 சதவீதப் படியில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். கிளைம் செய்யாவிட்டால் ஆண்டுதோறும் 6,000 ரூபாய்தான் கட்டுவீர்கள். கிளைம் செய்தால் அடுத்த ஆண்டு முழுத் தொகையான 12,000 கட்ட வேண்டும். இழப்பு அந்த ஓராண்டோடு முடிவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதற்கடுத்த ஆண்டுகளில் 9,600, 9,000, 7,800, 6,600 என்று மெல்ல இறங்கி, ஆறாவது புதுப்பித்தலில்தான் பழைய 6,000க்குத் திரும்புவீர்கள். கூடுதலாகக் கட்டியவற்றைக் கூட்டினால் 15,000 ரூபாய்; 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் 17,700 ரூபாய். வண்டி பழையதாக ஆக அதன் மதிப்பு குறைவதால் உண்மைத் தொகை சற்றுக் குறையலாம்; கணக்கின் போக்கு மாறாது.

மறுபக்கம், 20,000 ரூபாய் பில் வந்தால் 20,000 கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆறு வயதுள்ள காரில் பிளாஸ்டிக் பம்பர் 9,000, டிக்கிக் கதவு 6,000, கூலி 5,000 என்று கொள்வோம். பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள வண்டியின் உலோகப் பாகத்துக்கு 40 சதவீதம் கழிப்பார்கள். கூலிக்குக் கழிவு இல்லை. ஆக 4,500, 3,600, 5,000 சேர்ந்து 13,100 ஆகிறது. அதில், கிளைமில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவாக 1500 சி.சி. வரையுள்ள கார்களுக்குள்ள 1,000 ரூபாயும் போனால், கைக்கு வருவது 12,100. அதற்காக 17,700ஐ இழப்பது புத்திசாலித்தனமன்று. தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ என்ற கூடுதல் பிரிவை எடுத்தவருக்கு இதே பில்லில் 19,000 வரை கிடைக்கும் என்பதால், அவருக்குக் கணக்கு ஏறத்தாழச் சமமாகிவிடுகிறது.

இன்னும் எந்தத் தள்ளுபடியும் பெறாத முதல் ஆண்டுக்காரருக்கு இதே காரில் மொத்த இழப்பு வரியோடு 7,080 ரூபாய்தான். ஆகவே ‘பத்தாயிரத்துக்குக் குறைந்தால் கிளைம் வேண்டாம்’ என்பது போன்ற பொதுவான அறிவுரைகளை நம்பாமல், உங்கள் பாலிசித் தாளில் உள்ள எண்களை வைத்தே கணக்குப் போடுங்கள்.

தவறு லாரிக்காரருடையது. அவருடைய காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தே என் செலவை வாங்க முடியாதா? (கடை உரிமையாளர், தண்டையார்பேட்டை)

சட்டப்படி முடியும். லாரியின் மூன்றாம் நபர் காப்பீடு, பிறர் உடைமைக்கு ஏற்படும் சேதத்தையும் உள்ளடக்கியது. ஆனால் அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய் பில்லைக் கொடுத்தால் பணம் தரமாட்டார்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவு வேண்டும். சென்னையில் இவ்வழக்குகளை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் விசாரிக்கிறார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். உங்கள் பாலிசியில் ஏற்கெனவே பெற்றுவிட்ட தொகையை மறுபடியும் அங்கே கேட்க முடியாது.

பம்பருக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றால், வேண்டாம் என்றே சொல்வேன். வண்டி உருக்குலைந்து பெருந்தொகை கையிலிருந்து போயிருந்தால் மட்டும் வழக்கறிஞரைப் பாருங்கள். எதுவாயினும், இடம் விட்டு நகர்வதற்கு முன் லாரியின் எண், ஓட்டுநர் உரிமம், இரு வண்டிகளும் நின்ற நிலை ஆகியவற்றைப் படம் எடுங்கள். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைக் கொண்டு காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கலாம். காவல் நிலையத்தில் சிறிய சேதத்துக்கு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டுமே தருவார்கள், அதையாவது வாங்கிவையுங்கள்.

நடைமுறையில் பலிக்கும் வழி ஒன்று உண்டு. லாரி உரிமையாளரும் காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைவதை விரும்பமாட்டார். ஒர்க்‌ஷாப்பின் செலவு மதிப்பீட்டைக் காட்டிப் பேசினால், பல நேரங்களில் செலவைக் கொடுத்துவிடுவார். அப்படிப் பெற்றால் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். பிறகு அதே சேதத்துக்கு உங்கள் நிறுவனத்தில் கிளைம் செய்யக் கூடாது.

காசிமேட்டில் நிறுத்தியிருந்த காரை ஒரு பையன் ஸ்கூட்டரால் கீறிவிட்டான். ஸ்கூட்டருக்குக் காப்பீடே இல்லையாம். (மீன் வியாபாரி)

காப்பீடு இல்லாத வண்டியின் உரிமையாளர் தம் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்டக் கடமைப்பட்டவர். காப்பீடின்றி ஓட்டியதற்கு முதல் முறை 2,000 ரூபாய் அபராதமும் சிறைத் தண்டனையும்கூட விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் வெறும் கீறலுக்கு, அந்தப் பையனின் வீட்டாரிடம் பேசி டிங்கரிங், பெயிண்டிங் செலவை வாங்குவதே சரி. உங்கள் பாலிசியில் போனால், நிறுத்திவைத்த வண்டிதானே என்று யாரும் சலுகை காட்டமாட்டார்கள்.

என் மஞ்சள் போர்டு கார் இடிபட்டு ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. அந்த நாட்களின் வருமானத்தை என் காப்பீடு தருமா, அண்ணா? (டாக்ஸி ஓட்டுநர், ராயபுரம்)

தராது, தம்பி. ஓன் டேமேஜ் பிரிவு வண்டியின் சேதத்துக்கு மட்டுமே. அதன் விளைவாக ஏற்படும் வருமான இழப்பு வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கிறது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டு வாசலில் நின்ற கார் மூழ்கியது. வெள்ளம் வந்ததற்குமா போனஸ் போகும்? (கொடுங்கையூர்)

போகும். இயற்கைச் சீற்றமும் கிளைம்தான். இதில் போனஸைவிடப் பெரிய அபாயம் ஒன்றிருக்கிறது. நீர் புகுந்த இன்ஜினைச் சாவி திருப்பி இயக்கிப் பார்த்துக் கெடுத்துவிட்டால், இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவு இல்லாதவருக்கு அந்தச் செலவை மறுத்துவிடுவார்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநீரில் வண்டியை இறக்கிப் பார்ப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். நின்றுபோன வண்டியைக் கட்டி இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

வேறு நிறுவனத்துக்கு மாறினால் பழைய கிளைம் தெரியாது, போனஸ் 50 சதவீதம் என்றே போட்டுவிடலாம் என்கிறார் ஏஜென்ட். (மாதவரம்)

செய்யாதீர்கள். புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்யும். உங்கள் உறுதிமொழி பொய் என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் பிரிவின் பலன் முழுவதையும் மறுக்கலாம். பெரிய விபத்துக்குப் பிறகுதான் பெரும்பாலும் அது தெரியவரும். கையொப்பம் உங்களுடையது என்பதால் ஏஜென்ட் அப்போது துணைக்கு வரமாட்டார். நேர்மையாகவே மாறிப் பாருங்கள். 2007இல் கட்டணக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு ஓன் டேமேஜ் கட்டணத்தை ஒவ்வொரு நிறுவனமும் தானே வகுக்கிறது. ஆகவே போனஸ் சுழியமாக இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் தொகை வேறுபடும். ஒப்பிடும்போது ஐ.டி.வி. எனப்படும் வண்டியின் மதிப்பு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் குறைத்துக் காட்டியே சிலர் மலிவாகத் தருகிறார்கள்.

விபத்தில் என் தாயாருக்குக் கால் முறிந்துவிட்டது. அதற்கு இழப்பீடு கேட்டாலும் என் பிரீமியம் கூடுமா? (வியாசர்பாடி)

கூடாது. மோதிய வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கும் இழப்பீட்டுக்கும் உங்கள் போனஸுக்கும் தொடர்பே இல்லை. காயத்துக்கான இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. தவறு யாருடையது என்று நிரூபிக்காமலேயே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கோர மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு வழிசெய்கிறது. இதில் எஃப்.ஐ.ஆர். மிக முக்கியம், அதைப் பதிவுசெய்யாமல் சமரசம் பேசிவிடாதீர்கள். மருத்துவமனைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

போனஸைக் காக்கும் கூடுதல் பிரிவு இருக்கிறதாமே? (மணலி புதுநகர்)

இருக்கிறது. விபத்துக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். ஆண்டுக்கு இத்தனை கிளைம் வரை என்ற வரம்பும் உண்டு. 45, 50 சதவீதப் படிகளில் இருந்துகொண்டு, தினமும் கன்டெய்னர் லாரிகளோடு ஓட்டுகிறவர் வாங்கலாம். முதல் ஆண்டுக்காரருக்குத் தேவையில்லை.

நியாயமில்லாமல் பணத்தைக் குறைத்துவிட்டார்கள். எங்கே முறையிடுவது? (கொருக்குப்பேட்டை)

போனஸ் போனதைப் பற்றி முறையிட்டுப் பயனில்லை. ஆனால் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் தேய்மானத்தை அதிகமாகக் கழித்தாலோ, கிளைமைக் காரணமின்றி இழுத்தடித்தாலோ முறையிடலாம். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவருடைய சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு அங்கே சென்றுசேர வேண்டும். சர்வே அறிக்கையின் நகலை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி அத்துடன் இணையுங்கள்.