கேள்வி – பதில்: எடைக்காகவே பிறக்கும் உயிர்கள்

கேள்வி: உடம்பெல்லாம் தசை உருண்டு திரண்டு நிற்கும் ஒரு காளையின் படத்தைப் பார்த்தேன். ஊசி மருந்து ஏற்றித்தான் இப்படி வளர்க்கிறார்கள் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பதில்: ஊசிக்கு அங்கே வேலையே இல்லை. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பெல்ஜியன் புளூ என்ற மாட்டினமாக இருக்கும். தசை ஓர் அளவுக்கு மேல் பெருகாமல் தடுப்பதற்கென்று மயோஸ்டாட்டின் என்ற புரதம் பாலூட்டிகளின் உடலில் உண்டு. இந்த இனத்தில் அப்புரதத்துக்குரிய மரபணுவில் 11 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுப் போயிருப்பதால் தடுப்பு வேலை செய்வதில்லை. கரு வளரும்போதே தசை இழைகளின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. விஞ்ஞானிகள் இந்தக் காரணத்தைக் கண்டறிந்தது 1997ஆம் ஆண்டில்தான். காரணம் தெரியாமலேயே வளர்ப்பாளர்கள் பருத்த காளையைப் பருத்த பசுவோடு தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து, அந்தக் குறையை இனத்தின் அடையாளமாக நிலைநிறுத்தியிருந்தார்கள். முழுதாக வளர்ந்த காளை ஆயிரம் கிலோவைத் தாண்டும்.

படத்தில் தெரியாத செய்தி ஒன்று உண்டு. கன்று கருப்பையிலேயே பருத்துவிடுகிறது, தாயின் இடுப்புவழியோ குறுகலாக இருக்கிறது. ஆகவே தூய இனப் பசுக்களில் மிகப் பெரும்பாலானவை சிசேரியன் மூலமே கன்று ஈனுகின்றன. பசுவை நிற்க வைத்தபடியே இடப்பக்க விலாவுக்குப் பின்னால் மயிரை மழித்து, அந்த இடம் மரத்துப்போக மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து, கன்றைப் பின்னங்கால்களைப் பிடித்து வெளியே தூக்குகிறார்கள். அடுத்த ஈற்றுக்குக் கத்தி மீண்டும் பழைய தழும்பின் அருகிலேயே இறங்குகிறது. ஆபத்துக்கென்று வைத்திருந்த அறுவை, நாள் குறித்துச் செய்யும் வழக்கமாகிவிட்டது.

இத்தாலியின் பியமோண்டீஸ் இனமும் அதே மரபணுவில் வேறொரு மாற்றத்தால் தசை பெருத்ததுதான். ஆனால் அங்கே எளிதாக ஈனும் தாய்களின் வம்சத்தையும் கவனித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அறுவையின் தேவை அவ்வினத்தில் வெகுவாகக் குறைவு. எனவே இயற்கையின் மீது பழிபோட்டுத் தப்பிக்க இங்கே இடமில்லை என்றே கருதுகிறேன்.

கேள்வி: விலங்கு பெரிதானால் அதே அளவு இறைச்சிக்குக் குறைவான உயிர்களைக் கொன்றால் போதுமே? அறக்கணக்கில் இது லாபம்தானே?

பதில்: இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இது. கணக்கு தவறில்லை. ஒரு மாடு தரும் இறைச்சிக்கு ஈடாக நூற்றுக்கும் மேற்பட்ட கோழிகள் சாக வேண்டும். கொலையின் எண்ணிக்கை ஒன்றே அளவுகோல் என்றால், கோழியை விட்டு மாட்டுக்கு மாறுவதும், கோழியையே இரு மடங்கு பருக்கச் செய்வதும் கருணைச் செயல்களாகிவிடும்.

நடந்தது வேறு. உடல் விரைவாகப் பருத்ததால் இறைச்சி மலிவானது. மலிவானதால் உண்பது பெருகியது. உலகம் முழுவதும் 1961ஆம் ஆண்டில் ஏறத்தாழ 660 கோடிக் கோழிகள் இறைச்சிக்காகக் கொல்லப்பட்டன. இன்று அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு 7,000 கோடிக்கு மேல். ஒவ்வொரு கோழியும் முன்பைவிடப் பெரியது, இருந்தும் சாகும் கோழிகள் பத்து மடங்குக்கு மேல். மக்கள்தொகை பெருகியதும் ஒரு காரணம்தான், ஆனால் அது மூன்று மடங்குகூட ஆகவில்லை.

இன்னொன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். சாவு ஒரு நாள் நிகழ்ச்சி. அதற்கு முந்தைய வாரங்களை எந்தப் பேரேட்டில் எழுதுவது? கொலையின் எண்ணிக்கையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, வாழும் நாள் முழுவதையும் வலியாக மாற்றினால் அதை லாபம் என்று என்னால் எழுத முடியவில்லை.

கேள்வி: கறிக்கோழி ஆறு வாரத்தில் வளர்வது ஹார்மோன் ஊசியால் என்கிறார்களே?

பதில்: இல்லை. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் செரித்துப் போகும். ஊசியாகப் போடுவதென்றால் பல்லாயிரம் கோழிகளைத் திரும்பத் திரும்பப் பிடித்துக் குத்த வேண்டும், அதன் கூலியே கோழியின் விலையை மீறிவிடும். வளர்ச்சி விதையிலேயே இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கோழி வம்சங்களை ஒரே தீவனத்தில், ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்து 2014ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். 56ஆம் நாளில் முதல் வம்சத்தின் சராசரி எடை 905 கிராம். இரண்டாவது 1,808 கிராம். மூன்றாவது 4,202 கிராம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்ணைக் கொட்டகைக்குள் ஆறாவது வாரத்தில் நுழையும் வாய்ப்புக் கிடைத்தது. நான் நெருங்கியபோது கோழிகள் சிதறி ஓடும் என்று எதிர்பார்த்துக் கால் வைத்தேன், ஓடவில்லை. அருகிலிருந்த ஒன்று எழுந்து, மூன்று நான்கு அடி அசைந்து நடந்து, மார்பு கூளத்தில் படிய உட்கார்ந்துவிட்டது. தூக்கிப் பார்த்தபோது கால்மூட்டின் பின்புறத்தில் காப்பிக்கொட்டை அளவில் பழுப்புப் புண் தெரிந்தது. எச்சத்தின் அம்மோனியா ஊறிய ஈரக் கூளத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பதால் வரும் புண் அது. குரல் மட்டும் இன்னும் குஞ்சின் குரலாகவே இருந்தது. அதுதான் இன்றும் நினைவில் நிற்கிறது.

இதன் இயற்பியலைக் கலிலியோ 1638ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். ஓர் உடலை எல்லாப் பக்கமும் இரு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகிறது. எலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான். எலும்பும் இதயமும் முதிர்வதற்குள் தசை முந்திக்கொள்ளும் உடலில் கால் வளைவதும், வயிற்றில் நீர் கோப்பதும், திடீரென்று சரிந்து சாவதும் எதிர்பார்க்கக்கூடியவையே.

கேள்வி: நான் தாய்க்கோழிப் பண்ணையில் வேலை செய்கிறேன். கறிக்கோழிக்குத் தீவனத்தை வேண்டிய மட்டும் போடுகிறோம், அதன் தாய்க்கோ அளந்துதான் போடுகிறோம். காலித் தொட்டியைக் கொத்திக்கொண்டே இருக்கும். இது தவறா?

பதில்: பொதுவாக வெளியே பேசப்படாத இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். கறிக்கோழி ஐந்தாறு வாரத்தில் வெட்டுக்குப் போய்விடுகிறது. முட்டையிட வேண்டிய தாய்க்கோழியோ அறுபது வாரம் வாழ்ந்தாக வேண்டும். அதற்கும் அதே பசி, அதே வேகமான உடல். வயிறு நிறையப் போட்டால் கொழுத்து, கால் முடங்கி, முட்டை குறைந்து, பாதியில் செத்துப்போகும். அதனால் வளரும் பருவத்தில், விட்டால் தின்னக்கூடிய அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் கொடுக்கிறார்கள். சில நிமிடப் பரபரப்பில் தீவனம் தீர்ந்த பிறகு தொட்டியையும் சுவரையும் கொத்துவதும், ஓயாமல் தண்ணீர் குடிப்பதும் பசியின் அடையாளங்கள்.

ஊட்டினால் நோய், ஊட்டாவிட்டால் பசி. எவ்வளவு அன்பான பண்ணையாளருக்கும் இதில் மூன்றாவது வழி கிடையாது. இடத்தை விசாலமாக்கலாம், காற்றோட்டம் கூட்டலாம், கூளத்தை உலர வைக்கலாம். விதைக்குள் வைத்த முரணை விளக்குமாறால் கூட்டித் தள்ள முடியாது. தவறு உங்கள் கையிலிருக்கும் அளவுக் கோப்பையில் இல்லை. பல தலைமுறைக்கு முன் எந்தச் சேவலை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது என்று முடிவெடுத்த மேசையில் இருக்கிறது.

கேள்வி: மனிதன் இப்படி வளர்க்காவிட்டால் இந்த உயிர்கள் பிறந்தே இருக்காது. வாழாமல் போவதைவிடக் கொஞ்சம் வாழ்ந்து சாவது மேல் அல்லவா?

பதில்: பிறக்காத கோழி வாசலில் நின்று நம்மிடம் எதையும் கேட்பதில்லை, அதற்கு நாம் எந்தக் கடனும் படவில்லை. பிறந்ததற்குத்தான் பொறுப்பு. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் பெர்னார்ட் ராலின் ஓர் எளிய நெறியை முன்வைத்தார்: மாற்றி உருவாக்கப்படும் விலங்கு, மாற்றத்துக்கு முந்தைய தன் இனத்தைவிட மோசமான நிலையில் வாழக் கூடாது. மனித வளர்ச்சி ஹார்மோனின் மரபணுவை ஏற்றி 1980களில் அமெரிக்க அரசின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் உருவாக்கிய பன்றிகளை இந்த நெறியில் வைத்துப் பாருங்கள். கொழுப்புக் குறைந்தது, தீவனம் மிச்சமானது. ஆனால் மூட்டுவாதமும் வயிற்றுப்புண்ணும் சோர்வும் அவற்றைப் பிடித்துக்கொண்டன. இத்தனைக்கும் அவை ராட்சத உருவங்கள் அல்ல. ஆகவே நான் உருவத்தின் அளவை எதிர்க்கவில்லை. யானையும் பெரியதுதான், தன் காலில் நிற்கிறது.

சட்டமும் இதை அறியாததில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பண்ணை விலங்கு உத்தரவு, துன்பம் விளைவிக்கும் இனப்பெருக்க முறைகளைக் கையாளக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சொல்லியும், நான் மேலே விவரித்த மாடும் கோழியும் அங்கே பெருவாரியாக வளர்கின்றன.

கேள்வி: மெதுவாக வளரும் இனத்துக்குத் தீவனம் அதிகம், நிலம் அதிகம். அது சூழலுக்குக் கேடில்லையா? கடைசியாக, நீங்கள் இறைச்சி உண்பீர்களா?

பதில்: கேடுதான். ஒரு கிலோ இறைச்சிக்கு அது கூடுதலாகத் தின்கிறது. அந்தத் தீவனமும் எங்கோ ஒரு நிலத்தில்தான் விளைய வேண்டும். அந்த இனத்தையே இன்றைய அளவுக்கு எல்லோரும் உண்ண நினைத்தால் நிலம் தாங்காது. அப்படியானால் குறைத்து உண்ண வேண்டும் என்பதுதான் கணக்கின் விடை. அந்த விடை யாருக்கும் பிடிப்பதில்லை.

என் வழக்கத்தைக் கேட்டதால் சொல்கிறேன். வேகமாக வளரும் கோழியை அந்தக் கொட்டகைக்குப் பிறகு தொடுவதில்லை. மெதுவாக வளர்ந்தது கிடைத்தால் எப்போதாவது உண்கிறேன். இது அரைகுறை அறம் என்று இறைச்சியை முற்றிலும் துறந்தவர்கள் சொன்னால் மறுக்க என்னிடம் வலுவான வாதம் இல்லை. வாங்கும்போது எந்த இனம், எத்தனை வாரம் என்று இரண்டு கேள்விகள் கேட்பேன். இரண்டாவதற்குச் சில நேரம் பதில் வரும். முதலாவதற்கு, “கோழிதான் சார்” என்பார்கள். பெரும்பாலும் வெறும் பையோடு திரும்பிவிடுகிறேன்.