டிராஃப்ட் இரவின் கோபம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கிளீவ்லாந்துக்கு அருகில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். சக ஊழியர்களோடு பேச்சில் கலந்துகொள்வதற்காக அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கியவன், இப்போது பிரவுன்ஸ் அணி தோற்றால் அன்றிரவு சாப்பாடு இறங்காத நிலைக்கு வந்துவிட்டேன்.

2024 சீசனின் 17 ஆட்டங்களில் நாங்கள் வென்றவை மூன்றே மூன்று. டெஷான் வாட்சன் என்ற ஆட்டக்காரரை வாங்குவதற்காக, அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மூன்று ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளை அணி கொடுத்துவிட்டதால், 2021க்குப் பிறகு முதல் சுற்றில் எங்களுக்கு ஒரு தேர்வு வாய்த்தது 2025 ஏப்ரலில்தான். அதுவும் இரண்டாம் இடம். எந்த அணி யாரை எடுக்கும் என்று சொல்லும் கணிப்புப் பட்டியல்கள் கிடைத்ததையெல்லாம் படித்தேன். டிராவிஸ் ஹண்டர் என்ற கல்லூரி வீரர் கிளீவ்லாந்துக்குத்தான் என்று ஏறக்குறைய எல்லோரும் எழுதினார்கள். அந்த இரவில் அணி தன் இடத்தை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்துவிட்டு ஐந்தாம் இடத்துக்கு இறங்கி, மேசன் கிரஹாம் என்ற தற்காப்பு வீரரை எடுத்தது. தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். மூன்றாம் நாள் ஷெடூர் சாண்டர்ஸ் என்ற கல்லூரி வீரரை ஐந்தாம் சுற்றில் எடுத்தபோது, முதல் சுற்றுக்குரியவர் இவ்வளவு தாமதமாகக் கிடைத்தாரே என்று மகிழ்வதா, எல்லோரும் ஒதுக்கியவரை நாம் எடுத்தோமே என்று வருந்துவதா என்று தெரியவில்லை. அணிகளின் தேர்வுகளுக்கு நிபுணர்கள் மறுநாள் தந்த மதிப்பெண்களும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன.

என் கோபத்தில் நியாயம் உண்டா? இந்தக் கணிப்புகளைப் படிப்பதையே விட்டுவிடலாமா?

ர.,
ஒஹாயோ

அன்புள்ள ர.,

உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. மூன்று ஆண்டுகள் முதல் சுற்றை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஊரின் ரசிகருக்கு, கைக்கு வந்த இரண்டாம் இடம் கண்ணெதிரே கைமாறும்போது கோபம் வராவிட்டால்தான் வியப்பு. ஆனால் அந்தக் கோபத்தில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. எந்த அணி யாரை எடுக்கும் என்பது ஒன்று. எடுக்கப்பட்டவர் எப்படி ஆடுவார் என்பது மற்றொன்று. கணிப்புப் பட்டியல் முதல் கேள்விக்கு மட்டுமே விடை தேடுகிறது. நாமோ வாரக்கணக்கில் அதைப் படித்துப் படித்து, இரண்டாவது கேள்விக்கும் அதுவே விடை என்று நம்பிவிடுகிறோம். ஹண்டரைப் பிரவுன்ஸ் சட்டையில் அத்தனை நாள் மனத்தில் பார்த்துவிட்டதால், அவர் வேறு அணிக்குப் போனது உங்களிடமிருந்து எதையோ பறித்துக்கொண்டதுபோல் ஆகிவிட்டது. உண்மையில் அவர் ஒரு கணம்கூட உங்கள் அணியில் இருந்ததில்லை.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். என்.எஃப்.எல். தொடரின் 32 அணிகளும் ஆண்டுக்கொரு முறை, கல்லூரிகளில் ஆடி முடித்த வீரர்களை ஏழு சுற்றுகளில் வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய சீசனில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. தொடரின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற அணி வரிசையின் கடைசியில். நல்ல வீரர்கள் பணக்கார அணிகளுக்கே போய்ச் சேர்வதைத் தடுக்க இந்த முறையை முன்மொழிந்தவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல். 1936இல் ஃபிலடெல்ஃபியாவின் ஒரு விடுதியில் முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் இடமும் அவருடைய அணிக்கே கிடைத்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கரை எடுத்தார்கள். பெர்வாங்கர் இந்தத் தொடரில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. சம்பளப் பேச்சு ஒத்துவராமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். வரலாற்றின் முதல் தேர்வே இப்படித்தான் முடிந்தது என்பதை ஒவ்வோர் ஏப்ரலிலும் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

நான் அந்த ஈகிள்ஸின் ரசிகன். ஆகவே எங்கள் ஊரின் கதையைக் கொண்டே உங்களுக்குப் பதில் சொல்கிறேன்.

1999 டிராஃப்ட் உங்களுக்கு நினைவிருக்கலாம். முதல் இடத்தில் உங்கள் பிரவுன்ஸ் டிம் கௌச்சை எடுத்த ஆண்டு அது. இரண்டாம் இடம் ஈகிள்ஸுடையது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதில் சாதனைகள் படைத்து, கல்லூரி வீரர்களில் சிறந்தவருக்கான ஹைஸ்மன் விருதும் பெற்றிருந்த ரிக்கி வில்லியம்ஸ்தான் வேண்டும் என்று ஃபிலடெல்ஃபியாவே முழங்கியது. உள்ளூர் விளையாட்டு வானொலி நிகழ்ச்சி ஒன்று ஏறத்தாழ முப்பது ரசிகர்களைத் திரட்டி, டிராஃப்ட் நடந்த நியூயார்க்குக்குப் பேருந்தில் அனுப்பியது. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) டானவன் மெக்நாப்பின் பெயர் அறிவிக்கப்பட்டதும் அவர்கள் எழுப்பிய ஊளை அரங்கெங்கும் கேட்டது. தன் வாழ்க்கையின் மிகச் சிறந்த நாள் என்று எண்ணி மேடையேறிய 22 வயது இளைஞர், தான் ஆடப்போகும் ஊரின் முதல் குரலாக அதைக் கேட்டார். அந்த ஒளிப்பதிவை இன்றும் பார்க்கலாம். அவர் சிரிப்பைத் தக்கவைத்துக்கொள்ள முயல்வது தெளிவாகத் தெரியும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் ஊரை நினைத்து வருத்தமாக இருக்கும்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மெக்நாப் தலைமையில் ஈகிள்ஸ் ஐந்து முறை, தொடரின் இரு பிரிவுகளில் ஒன்றான என்.எஃப்.சி.யின் இறுதியாட்டம் வரை போயிற்று. ஒருமுறை சூப்பர் பவுலிலும் ஆடியது. 2013இல் அவருடைய 5ஆம் எண்ணுக்கு அணி நிரந்தர ஓய்வு கொடுத்தது. வில்லியம்ஸை எடுப்பதற்காக நியூ ஆர்லியன்ஸ் அந்த ஆண்டின் தன் எல்லாத் தேர்வுகளையும், அடுத்த ஆண்டின் முதல், மூன்றாம் சுற்றுத் தேர்வுகளையும் சேர்த்துக் கொடுத்தது. அந்த சீசனில் மூன்றே ஆட்டங்களை வென்றது. பயிற்சியாளர் மைக் டிட்கா வேலையிழந்தார். வில்லியம்ஸ் மோசமான வீரர் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர் நன்றாகவே ஆடினார். அந்த முப்பது பேரின் ஊளை மெக்நாப்பின் ஆட்டத்தைப் பார்த்து எழுந்ததன்று, தங்கள் மனத்தில் இருந்த பட்டியலிலிருந்து அணி விலகியதால் எழுந்தது என்பதே நான் சொல்ல வருவது.

இதைக் கேட்டதும், ரசிகனின் கோபம் எப்போதுமே தவறு என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 2020 டிராஃப்டில் எங்களுக்கு இரண்டு நாளில் இரண்டு கோபங்கள் வந்தன. பெருந்தொற்றுக் காலமாதலால் மேடையும் இல்லை, கூட்டமும் இல்லை; அவரவர் வீட்டிலிருந்தே கோபப்பட்டோம். முதல் நாள் 21ஆம் இடத்தில் ஈகிள்ஸ், பந்தைப் பிடிக்கும் ரிசீவரான ஜேலன் ரேகரை எடுத்தது. எங்களில் பலரும் கேட்ட ஜஸ்டின் ஜெஃபர்சனை அடுத்த இடத்திலேயே மின்னசோட்டா எடுத்துக்கொண்டது. அவர் முதல் சீசனிலேயே 1,400 யார்டுகள் எடுத்தார். ரேகரோ எங்களிடம் நிலைக்காமல், 2022இல் அதே மின்னசோட்டாவுக்கு மாற்றப்பட்டார். அந்தக் கோபம் முழுக்க நியாயமானதாயிற்று. இரண்டாம் நாள் 53ஆம் இடத்தில் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை எடுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் கார்சன் வென்ட்ஸுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 12.8 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்திருந்தார்கள். பிறகு இன்னொரு குவார்ட்டர்பேக் எதற்கு என்று ஊரே கொதித்தது. 2025 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டியை 40–22 என்று வீழ்த்திய சூப்பர் பவுலில் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர் அந்த ஹர்ட்ஸ்தான். ஒரே அணி, ஒரே டிராஃப்ட், அடுத்தடுத்த இரண்டு இரவுகள். அன்று இரண்டு கோபங்களும் எங்களுக்கு ஒரே அளவு உறுதியாகத்தான் இருந்தன. எது நிற்கும், எது கரையும் என்று அன்று எங்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இப்போது கணிப்புகளுக்கு வருகிறேன். அவற்றை எழுதுபவர்கள் உழைப்பாளிகள். ஒரு கல்லூரி வீரரை அவர்கள் அளவுக்கு நாம் யாரும் பார்த்ததில்லை. ஆனால் எந்த அணி யாரை எடுக்கும் என்பதற்கு அவர்களுக்குக் கிடைக்கும் செய்தி, அணி அதிகாரிகளும் வீரர்களின் முகவர்களும் சொல்வதுதான். உண்மையை வெளியே விட்டால் நஷ்டமடையப் போவது அந்த அதிகாரிகளே. ஆகவே ஏப்ரல் மாதப் பேச்சில் பாதி மறைப்பு, மீதி திசைதிருப்பல். 2023இல் கென்டக்கியின் வில் லெவிஸை கரோலினா முதல் இடத்தில் எடுக்கப்போவதாக, பெயர் தெரியாத ஒருவர் இணையத்தில் எழுதிய குறிப்பைப் பிடித்துக்கொண்டு பந்தயக்காரர்களின் கணக்கே அவர் பக்கம் சாய்ந்தது. கரோலினா எடுத்தது பிரைஸ் யங்கை. லெவிஸ் முதல் நாள் முழுவதும் அரங்கில் காத்திருந்து, மறுநாள் 33ஆம் இடத்தில்தான் எடுக்கப்பட்டார். 2024இல் அட்லாண்டா, குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸுக்குப் பெரும் ஒப்பந்தம் கொடுத்த அடுத்த மாதமே எட்டாம் இடத்தில் இன்னொரு குவார்ட்டர்பேக்கான மைக்கேல் பெனிக்ஸை எடுத்து அத்தனை பட்டியல்களையும் கலைத்தது. உங்கள் பிரவுன்ஸ் செய்ததைப் போன்ற ஓர் இடமாற்றம் நடந்துவிட்டால், அதற்குப் பின்வரும் ஒவ்வொரு வரியும் ஆட்டம் கண்டுவிடும்.

மறுநாள் காலை வெளியாகும் மதிப்பெண்களும் எனக்குப் பெரிதாகப் படுவதில்லை. ஒரு வீரர்கூட இன்னும் பயிற்சிக்கு வராத நிலையில், அணியின் தேர்வுகள் தன் பட்டியலோடு எவ்வளவு ஒத்துப்போயின என்பதைத்தான் அந்த நிபுணர் அளக்கிறார்.

நீங்கள் கோபப்பட்ட அந்தப் பரிமாற்றத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். பிரவுன்ஸ் கொடுத்தவை 2, 104, 200 ஆகிய இடங்கள். பெற்றவை 5, 36, 126 ஆகிய இடங்களும், 2026இல் ஜாக்சன்வில்லின் முதல் சுற்றுத் தேர்வும். ஐந்தில் கிரஹாம் வந்தார். 36இல் ஒஹாயோ ஸ்டேட்டின் குயின்ஷான் ஜட்கின்ஸ், 126இல் டென்னசியின் டிலன் சாம்ப்சன் என்று இரண்டு ஓட்டக்காரர்கள் வந்தார்கள். கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் பல ஆண்டு டிராஃப்ட்களை ஆராய்ந்து, களத்தில் ஒரே பொறுப்பில் ஆடி, அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முன்னதாக எடுக்கப்பட்டவர் அடுத்தவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு ஏறத்தாழ 52 சதவீதம்தான் என்று காட்டினார்கள். நாணயத்தைச் சுண்டுவதைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். முன்னே போவதற்காகப் பல இடங்களை விட்டுக்கொடுக்கும் அணிகள் அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன என்பது அவர்களுடைய முடிவு. அந்தக் கணக்கின்படி உங்கள் அணி செய்தது மூடத்தனம் அன்று.

அதேசமயம் ஹண்டர் சராசரிக் கணக்கில் அடங்காதவர் என்ற உங்கள் வாதத்தையும் நான் தள்ளிவிடவில்லை. பந்தைப் பிடிக்கும் ரிசீவராகவும், பிடிக்கவிடாமல் தடுக்கும் கார்னர்பேக்காகவும் ஒரே ஆட்டத்தில் ஆடி ஹைஸ்மன் விருது பெற்ற ஒருவரைச் சதவீதத்தைச் சொல்லி விட்டுக்கொடுக்க ரசிகனின் மனம் ஒப்பாது. ஒப்பவும் வேண்டியதில்லை. தீர்ப்பை மட்டும் தள்ளிவையுங்கள் என்கிறேன்.

சாண்டர்ஸைப் பற்றி நீங்கள் எழுதிய இரட்டை மனநிலை முழுக்க முழுக்கக் கணிப்புகள் உண்டாக்கியது. அவரை முதல் சுற்றில் வைத்து எவரும் எழுதியிராவிட்டால், 144ஆம் இடத்தில் ஒரு குவார்ட்டர்பேக் கிடைத்ததைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் அணியே அதற்கு முன் 94ஆம் இடத்தில் டிலன் கேப்ரியலை எடுத்திருந்தது. அந்த மூன்று நாளும் சாண்டர்ஸ் வீட்டில் காத்திருந்ததை நாடே பார்த்தது. இடையில் ஒருவர் அணி அதிகாரிபோல் பேசி அவரைத் தொலைபேசியில் ஏமாற்றியதும் நடந்தது. அது கொடுமை. ஆனால் கீழே இறங்கியதால் ஒருவர் தாழ்ந்தவராகவும் ஆவதில்லை, ஒளிந்திருக்கும் மேதையாகவும் ஆவதில்லை. 2005இல் 24ஆம் இடம் வரை காத்திருந்த ஆரன் ராட்ஜர்ஸ் நான்கு முறை தொடரின் மிகச் சிறந்த வீரரானார். 2022இல் கடைசி ஆளாக, 262ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட பிராக் பர்டி இரண்டாவது சீசனிலேயே சூப்பர் பவுலில் ஆடினார். தாமதமாக எடுக்கப்பட்டு, ஒரு சீசனும் நிலைக்காமல் போனவர்களின் பெயர்களை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

படிப்பதை நிறுத்த வேண்டாம். எந்த அணிக்கு எங்கே ஓட்டை, எந்த இளைஞரிடம் என்ன திறமை என்று அறிய அவற்றைவிட நல்ல வழி இல்லை. பட்டியலில் பெயருக்கு அருகிலுள்ள எண்ணை விட்டுவிட்டு, அந்த வீரரைப் பற்றி எழுதியிருக்கும் பத்தியைப் படியுங்கள். டிராஃப்ட் முடிந்தபின் கிரஹாமின் கல்லூரி ஆட்டம் ஒன்றை முழுதாகப் பாருங்கள். எதிரணியின் இரண்டு பேர் சேர்ந்து அவரைத் தள்ள வரும்போது அவர் கால் ஊன்றி நிற்பதைக் கவனித்தால், உங்கள் அணி எதை விரும்பியது என்று புரியும்.

தீர்ப்புக்கு ஒரு நாளும் இருக்கிறது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரை ஐந்தாம் ஆண்டுக்கும் வைத்துக்கொள்வதா என்று, அவருடைய மூன்றாம் சீசன் முடிந்த பிறகு அணி முடிவு சொல்லியாக வேண்டும். கிரஹாமுக்கும் ஹண்டருக்கும் அந்த நாள் 2028 மே மாதத் தொடக்கத்தில் வரும். ஜாக்சன்வில்லிடமிருந்து பெற்ற 2026 தேர்வுக்கு அதற்கும் ஓராண்டு கழித்து. அப்போது ஹண்டரை நினைத்து உங்களுக்குக் கோபம் மிச்சமிருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். நானும் உங்களோடு சேர்ந்து கோபப்படுவேன்.