புதிதாக வாங்கிய விலை உயர்ந்த டிஏசியில் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) பழையதைவிட வித்தியாசமே தெரியவில்லை. என் காதுதான் சரியில்லையோ? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

"என் காதுதான் சரியில்லையோ" என்று கேட்டிருக்கிறீர்களே, முதலில் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒழுங்காகச் செய்த இரண்டு டிஏசிகளை ஒரே சத்த அளவில் வைத்துக் கேட்டால், எது எதென்று சொல்வது பழகிய காதுகளுக்கே கஷ்டம். 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவை அப்படியே ஒரு முறை, சிடி தரத்துக்கு, அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு, இறக்கி ஒரு முறை என்று மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். ஒலித்துறையில் இருப்பவர்களும் கேட்டார்கள். வழக்கமான சத்தத்தில் யாராலும் நம்பும்படி பிரித்துச் சொல்ல முடியவில்லை. பதிவின் தரத்தையே இறக்கியும் இப்படியென்றால், இரண்டு டிஏசிகளுக்குள் வித்தியாசம் தெரியாததில் வியப்பில்லை.

இருந்தாலும் திருப்பி அனுப்புமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள், மனதில் உறுத்தல் இருக்காது. இரண்டு கருவிகளிலும் 1000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயர் வெளியீட்டின் வோல்டேஜை மல்டிமீட்டரில் அளந்து, ஒரு சதவீதத்துக்குள் சமமாக்குங்கள். இதைக் காதால் குத்துமதிப்பாகச் செய்யக்கூடாது. ஒரு டெசிபலுக்கும் குறைவாகச் சத்தம் கூடினாலே, கூடியதுதான் "தெளிவாக" இருப்பதாக நமக்குத் தோன்றும். அப்புறம் வீட்டில் யாரையாவது, எது என்று சொல்லாமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். அப்போதும் பிடிபடவில்லையென்றால் தயங்காமல் திருப்பிவிடுங்கள். "நூறு மணி நேரம் ஓடினால் திறக்கும்", அதாவது ஓட ஓட ஒலி மெருகேறும், என்பார்கள். நான் அதை நம்புவதில்லை. அந்த நூறு மணி நேரத்தில் திருப்பிக் கொடுக்கும் கெடுதான் முடியும்.

பழையதில் இரைச்சலோ கரகரப்போ இருந்து, புதியதில் அது போயிருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அது நிஜமான முன்னேற்றம்.

கையில் வரும் பணத்தை ஸ்பீக்கர் பக்கம் திருப்புங்கள். ஒரு ஸ்பீக்கருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் கேட்கும். அதற்கும் முன்னால், செலவே இல்லாமல், இப்போதுள்ள ஸ்பீக்கர்களைச் சுவரை விட்டு முன்னால் நகர்த்திப் பாருங்கள். சுவரோடு ஒட்டி இருந்தால், மூலையில் இருந்தால் இன்னும் அதிகமாக, பேஸ் (கனத்த தாழ்ந்த ஒலி) பெருத்துப் பாடகரின் குரலை அமுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, நன்றாகத் தெரிந்த ஒரே பாட்டைப் போட்டுக் கேளுங்கள்.

கெடு முடிந்துவிட்டதென்றால், பெட்டி, வயர், ரசீது எல்லாவற்றோடும் சீக்கிரம் விற்றுவிடுவது நல்லது. அடுத்த மாடல் வந்தால் இதன் விலை இறங்கிவிடும்.