ஏழு கிலோவில் ஐந்து வாரம்: ஏஜெண்ட் பேச்சை நம்பிப் பை கட்டாதீர்கள்

கேள்வி: நானும் கணவரும் லண்டனில் படிக்கும் மகனைப் பார்க்க ஜூன் மாதம் போகிறோம். மொத்தம் ஐந்து வாரம், நடுவில் ஐந்து நாள் ரோம். பினாங்கிலிருந்து கேஎல் (கோலாலம்பூர்) வரை ஏர்ஏசியா, அங்கிருந்து டுபாய் வழியாக லண்டன், லண்டன்–ரோம் ஏதோ மலிவு விமானம் என்று ஏஜெண்ட் மூன்று தனித்தனி டிக்கெட்டாகப் போட்டிருக்கிறார். எனக்கு மூட்டு வலி, பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு படி ஏற முடியாது. அதனால் ஹேண்ட்கேரி மட்டும் கொண்டு போக ஆசை. ஏஜெண்டோ, "ஹேண்ட்கேரியை எல்லாம் யாரும் நிறுக்க மாட்டார்கள், பத்துக் கிலோ வரை தாராளமாக வையுங்கள்" என்கிறார். கணவர் இன்சுலின் போடுபவர். இது நடக்குமா?
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பட்டர்வொர்த்

நடக்கும் டீச்சர். கோடைக்கால ஐரோப்பாவுக்கு ஏழு கிலோ போதும், குளிர்காலம் என்றால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் உங்கள் ஏஜெண்ட் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை முதலில் தூக்கிப் போடுங்கள். "யாரும் நிறுக்க மாட்டார்கள்" என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்லும் பொய். கவுண்டரில் நின்று வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நிறுக்காத நாளும் உண்டு, வரிசையில் நிற்கும் அத்தனை பேரையும் நிறுத்தி நிறுக்கும் நாளும் உண்டு, எந்த நாள் எது என்று ஏஜெண்டுக்கு எப்படித் தெரியும்? கட்டணம் கட்டப்போவது நீங்கள், அவர் அன்றைக்குக் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். விமான நிலையத்தில் கடைசி நேரத்தில் கட்டும் லக்கேஜ் பணம், முன்கூட்டியே ஆப்பில் வாங்குவதைவிட எப்போதும் அதிகம். அதுவும் வாசல்வரை போய் மாட்டிக்கொண்டால் இன்னும் அதிகம்.

அப்புறம் அந்த ஏழு கிலோ. ஏர்ஏசியாவில் அது பெரிய பை, கைப்பை இரண்டும் சேர்ந்த கணக்கு. பைக்கு ஏழு, ஹேண்ட்பேக்குக்குத் தனி என்று நினைத்துக்கொண்டு வந்து வாதாடுபவர்கள் தினமும் உண்டு. பெரிய பையின் அளவு 56 x 36 x 23 சென்டிமீட்டர், சக்கரமும் கைப்பிடியும் இதில் அடக்கம். கடைக்காரர் "கேபின் சைஸ்" என்று அட்டை தொங்கவிட்டிருப்பார், அந்த அட்டையை நம்பாமல் டேப் வைத்து அளந்து வாங்குங்கள். 55 x 36 x 20-க்குள் ஒரு பை கிடைத்தால் உங்கள் ஏர்ஏசியாவுக்கும் சரி, டுபாய் விமானத்துக்கும் சரி. டுபாய் விமானத்திலும் எக்கானமிக்கு ஏழு கிலோதான். கெட்டி ஓடு போட்ட நான்கு சக்கரப் பெட்டி காலியாகவே மூன்று கிலோ வரை இழுத்துவிடும், அதை வாங்கினால் பாதி எடை பெட்டிக்கே போய்விடும். துணிப் பையாக, இரண்டு கிலோவுக்குள் பாருங்கள். மூட்டு வலி என்பதால் முதுகுப்பை வேண்டாம், இரண்டு சக்கரம் போதும். வீட்டிலேயே தூக்கி நிறுக்க ஒரு சின்னத் தொங்கு தராசு வாங்கிவிடுங்கள், மிஸ்டர் டிஐஒய் கடையிலேயே இருக்கும்.

உங்களுக்குச் சிக்கல் லண்டனில் இல்லை, ரோமில்தான் இருக்கிறது. மூன்று தனி டிக்கெட் என்றால் மூன்று தனிச் சட்டம், அதில் எது மிகக் குறுகலோ அதற்குத்தான் பை கட்ட வேண்டும். ஐரோப்பாவின் மலிவு விமானங்கள் நம் ஊர் மலிவு விமானங்களைப் போல இல்லை. ரயன்ஏர் என்றால் இலவசமாக ஏற்றுவது இருக்கைக்கு அடியில் போகும் 40 x 30 x 20 சென்டிமீட்டர் பை ஒன்றுதான். நீங்கள் பட்டர்வொர்த்திலிருந்து இழுத்து வந்த சக்கரப் பை அதற்குள் நுழையவே நுழையாது. ஈஸிஜெட் என்றால் 45 x 36 x 20, கொஞ்சம் பெரிது, ஆனால் அதற்கும் சக்கரப் பை நுழையாது. "ஏதோ மலிவு விமானம்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் வயிற்றைக் கலக்குகிறது. ஏஜெண்ட் எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆன்லைனில் நாமே போட்டால் பையின் விலை கண்ணுக்கு முன்னால் தெரியும். இவர்கள் அடிப்படை விலையில் எடுத்து, "எல்லாம் சேர்த்து" என்று ஒரு விலை சொல்லி விற்பார்கள். எல்லாம் என்பதில் பை இருக்காது.

தீர்வு உங்கள் கையிலேயே இருக்கிறது, மகனுக்கு லண்டனில் அறை இருக்கிறதே. சக்கரப் பையை அங்கே போட்டுவிட்டு, ஐந்து நாளுக்கு ஆளுக்கொரு மடக்குப் பையோடு ரோமுக்குப் போய்வாருங்கள். அந்த மடக்குப் பையை இங்கிருந்தே பெட்டிக்குள் தட்டையாக வைத்துக் கொண்டு போங்கள், எடை ஒன்றும் இல்லை. கூடுதல் பைக்குப் பணம் கட்டவே தேவையில்லை. ஏஜெண்ட் இப்போது "பை சேர்த்துத் தருகிறேன்" என்று வந்தால், நிறுவனத்தின் ஆப்பில் அதே பைக்கு என்ன விலை என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஹேண்ட்கேரி மட்டும் என்பதில் உங்களுக்கு இன்னொரு லாபம் இருக்கிறது. ஏர்ஏசியா கேஎல் விமான நிலையமான கேஎல்ஐஏவில் டெர்மினல் 2, டுபாய் விமானம் டெர்மினல் 1. தனித்தனி டிக்கெட் என்பதால் அடியில் போட்ட பெட்டி தானாக மாறாது, நீங்களே எடுத்து, ரயில் ஏறி, மறுபடி கவுண்டரில் கொடுக்க வேண்டும். கையில் பை இருந்தால் ரயிலில் மூன்று நிமிடம், அவ்வளவுதான். இருந்தாலும் நடுவில் சில மணிநேரம் விட்டுவையுங்கள், தனி டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் உங்களுக்காகக் காத்திருக்காது, ஏஜெண்ட் போனையும் எடுக்க மாட்டார்.

துணிமணி பற்றி நிறைய எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஐந்து வாரத் துணி எடுக்காதீர்கள், ஆறு நாள் துணி எடுங்கள், மகன் வீட்டில் துவைக்கும் மிஷின் இருக்கும். ஜீன்ஸ் வேண்டாம், எடை அதிகம், காயாது. லண்டன் ஜூனில் ஒரு நாள் வெயில் அடிக்கும், மறுநாள் மழை பெய்து நடுங்க வைக்கும், அதனால் ஆளுக்கு ஒரு மெல்லிய ஜாக்கெட், அதை விமானத்துக்கு உடம்பில் போட்டுக்கொண்டே ஏறுங்கள், கனமான ஷூவையும் காலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ரோம் வெயில் சில நாள் நம் ஊரையே தோற்கடிக்கும், ஆனால் வாட்டிகனில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், உங்களுக்கு அது பிரச்சினை இல்லை, சார் அரைக்கால் சட்டையோடு போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள். லண்டன் ஈஸ்ட்ஹாம் முருகன் கோவிலுக்குப் போவீர்கள் என்று தெரியும், அதற்கு லேசான புடவை ஒன்று போதும், காஞ்சிப் பட்டை வீட்டில் விட்டுவிடுங்கள்.

இனி சாப்பாடு. நம்மவர்கள் பையில் முதலில் எடை ஏறுவது இங்கேதான். மகனுக்கு என்று ஊறுகாய், சம்பல் பிலாச்சான், நெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் கட்டத் தோன்றும். கேபினில் திரவம் என்றால் தண்ணீர் மட்டுமில்லை, குழைந்திருப்பது, வழிவது, பசையாக இருப்பது எல்லாம் அதில் சேரும், ஊறுகாயும் சம்பலும் சேரும். பாட்டில் 100 மில்லிக்கு மேல் இருந்தால் உள்ளே பாதிதான் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை, பாட்டிலின் கொள்ளளவுதான் கணக்கு. 2006-ல் லண்டனில் திரவ வெடிமருந்துச் சதி ஒன்று பிடிபட்டதிலிருந்து உலகமே இந்தச் சின்னப் பாட்டிலோடு அலைகிறது. இப்போது சில நிலையங்களில் புது ஸ்கேனர் வந்து தளர்த்திவிட்டார்கள், சிலவற்றில் இல்லை, எங்கே எது என்று நாம்தான் தேடிக்கொண்டிருக்க வேண்டுமாம். நீங்கள் அதில் தலையிடாதீர்கள், எல்லா இடத்துக்கும் 100 மில்லி, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பை என்றே கட்டுங்கள். நெய்யும் இறைச்சியும் மலேசியாவிலிருந்து பிரிட்டனுக்குள் கொண்டு போகவே கூடாது, பெட்டியில் போட்டாலும் கூடாது. மசாலா எல்லாம் ஈஸ்ட்ஹாமில் தெருமுழுக்கத் தமிழ்க் கடையில் கிடைக்கிறது, இங்கிருந்து சுமப்பதில் அர்த்தமே இல்லை.

அதைவிட முக்கியம், நீங்கள் போகும் செய்தி தெரிந்ததும் பக்கத்து வீட்டிலிருந்தும் கோவில் நண்பர்களிடமிருந்தும் "சின்னப் பொட்டலம்தான் டீச்சர், தம்பிக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று வரும். வாங்காதீர்கள். மூடிய பொட்டலம் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், சொந்தத் தங்கை மகன் கொடுத்தாலும் திறந்து பார்த்து நீங்களே கட்டுங்கள். "இந்தப் பையை நீங்களே கட்டினீர்களா" என்று கவுண்டரில் கேட்கும்போது ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வேறு எதுவும் வந்தால், அது என் பொருள் இல்லை என்ற பேச்சு எந்த நாட்டிலும் எளிதில் எடுபடாது. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இப்போது இன்சுலின். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். திரவ விதியிலிருந்து மருந்துக்கு விலக்கு உண்டு, அது 100 மில்லியைத் தாண்டினாலும் பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டு போகலாம், ஆனால் சோதனை மேசையில் அதைத் தனியாக எடுத்துக் காட்ட வேண்டும், மருத்துவர் கடிதம் இருக்க வேண்டும். இன்சுலின் பேனாவின் ஊசியையும் மருந்தோடு சேர்த்து எடுக்கலாம். எதுவானாலும் இன்சுலினை விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் வைக்காதீர்கள், அங்கே உறைந்துபோகலாம், உறைந்த இன்சுலின் கெட்டுப்போனது. பிரித்துப் பயன்படுத்தும் பேனா அறை வெப்பத்தில் பெரும்பாலும் நான்கு வாரம்வரை தாங்கும், உங்கள் பயணமோ ஐந்து வாரம், அதனால் திறக்காத பேனாக்களை மகனின் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அதற்கென்று குளிர்ப் பை விற்கிறார்கள், வழியில் அது போதும், ஆனால் ஐஸ் கட்டிக்கு நேராக ஒட்டி வைக்காதீர்கள். பாதி உங்கள் பையில், பாதி சார் பையில்.

கடிதம்தான் தலைவலி. அரசாங்கக் கிளினிக்கில் கேட்டால் சிலர் எதற்கு என்று திருப்பிக் கேட்பார்கள், சிலர் மலாயில் இரண்டு வரி கிறுக்கித் தருவார்கள், ரோமில் அதை யார் படிப்பது? ஆங்கிலத்தில், தட்டச்சில், மருந்தின் பொதுப் பெயர், அளவு, ஊசி எல்லாம் குறிப்பிட்டு வாங்குங்கள். மருந்து லேபிளில் நம் பெயரை ஏ/எல், ஏ/பி (இன்னார் மகன், மகள்) பாதியில் வெட்டி அச்சடித்திருப்பார்கள், பாஸ்போர்ட்டில் முழுசாக இருக்கும், அதனால் கடிதத்தில் பாஸ்போர்ட் எண்ணையும் போடச் சொல்லுங்கள். மருந்தகத்தில் பொதுவாக ஒரு மாதத்துக்குத்தான் கொடுப்பார்கள், ஐந்து வாரம் வெளிநாடு என்று டிக்கெட்டைக் காட்டி இப்போதே கேளுங்கள், கிளம்பும் வாரத்தில் போய் நின்றால் அடுத்த அப்பாயிண்ட்மெண்டுக்கு வாருங்கள் என்பார்கள். லண்டன் கோடையில் நம்மைவிட 7 மணி நேரம் பின்னால் இருக்கிறது, போகும் நாளும் திரும்பும் நாளும் ஊசி எப்போது போடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அதை நானோ ஏஜெண்டோ சொல்லக்கூடாது.

இதோடு சேர்ந்த விஷயம் பவர் பேங்க். கேபினில் மட்டும்தான் அனுமதி, 100 வாட்-ஹவர்க்குள், 20,000 எம்ஏஎச் என்றால் ஏறக்குறைய 74, அதனால் பயமில்லை. ஆனால் மேலே எண் அழிந்துபோன மலிவுச் சரக்கை எடுக்காதீர்கள், பிடுங்கிவிடுவார்கள். 2025-லிருந்து நம் விமானங்களில் அதை மேல் தட்டில் வைக்கவும் கூடாது, பறக்கும்போது சார்ஜ் போடவும் கூடாது. நிறைந்த விமானத்தில் சில நேரம் வாசலில் ஊழியர் வந்து "தட்டில் இடமில்லை, பையைக் கீழே போடுகிறோம்" என்று வாங்குவார். அப்போது கொடுப்பதற்கு முன் இன்சுலின், பவர் பேங்க், பாஸ்போர்ட் மூன்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். அவசரத்தில் மறப்பது இங்கேதான். அதற்காக இந்த மூன்றும் ஒரு சின்னப் பையில், மேலாக இருக்கட்டும். லண்டனுக்குப் பிளக் அடாப்டர் வாங்கச் சொல்லி யாராவது விற்க வந்தால் வேண்டாம், அங்கேயும் நம் மூன்று முள் பிளக்தான். ரோமுக்கு மட்டும் இரண்டு முள் ஒன்று.

பிரிட்டனுக்குப் போகும் மின்னணு அனுமதி, அந்த ஈடிஏ, எடுத்துவிட்டீர்களா என்று கேட்க மறந்துவிடுவேன் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் அரசின் சொந்த ஆப்பில் எடுங்கள். தேடினால் அரசாங்கம் போலவே தோற்றம் போட்ட தரகர் தளங்கள்தான் முதலில் வரும், அதே வேலைக்குப் பல மடங்கு பிடுங்குவார்கள். ஐரோப்பிய எல்லையில் இப்போது கைரேகை, முகப்படம் எடுக்கிறார்கள், அது இலவசம், அதற்கு முன்பதிவு செய்து தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

திரும்பும்போது மகன் ஏதாவது வாங்கிக் கொடுத்துப் பை வீங்கினால் பிடிவாதம் பிடிக்காதீர்கள். டுபாய் டிக்கெட்டில் அடியில் போடும் லக்கேஜ் உங்களுக்குப் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும், டிக்கெட்டில் எத்தனை கிலோ என்று பாருங்கள், போகும்போது பயன்படுத்தாததை வரும்போது பயன்படுத்தலாம். ஆனால் கேஎல்–பினாங்குக்கு அது செல்லாது, அதற்குத் தனியாக முன்கூட்டி வாங்க வேண்டும். இன்று மாலையே ஏஜெண்டுக்குப் போன் போட்டு ரோம் விமானம் எந்த நிறுவனம், உங்கள் டிக்கெட்டில் என்ன பை சேர்ந்திருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்ஆப் போதும். அது வரும்வரை மடக்குப் பையை வாங்காதீர்கள்.